தோட்டமும் பூங்காவும்

ஊவாவின் தோட்டப் பாடசாலைகளில் மாணவர் தவறாது எழுதும் கட்டுரை ஒன்றுண்டு. ‘நாங்கள் சென்ற கல்விச் சுற்றுலா’ என்பது அதன் தலைப்பு. விடியுமுன் பதுளையிலிருந்து புறப்படுதல், தெகிவளை மிருகக்காட்சிசாலையைப் பார்த்தல், நூதனசாலைக்குள் வரிசையாக நடத்தல், விகாரமகாதேவிப் பூங்காவிலே சோற்றுப் பொதியை அவிழ்த்தல், மாலையிற் காலிமுகத்திடலில் அலை பார்த்தல், இறுதியில் மகிழ்ச்சியுடன் வீடு திரும்புதல்: இதுவே அதன் அமைப்பு. ஆண்டும் வகுப்பும் மாறும், வாக்கியங்கள் மாறுவதில்லை.

இது சிறுவர் எழுத்து, இதற்கு விமர்சனம் எதற்கு என்று கேட்கலாம். ஆனால், எம்மிற் பலர் உரைநடையில் முதன்முதலாக எழுதிய ஆக்கம் இத்தகையதே. ஓரிடத்தைக் காண்பதென்றால் என்ன, கண்டவற்றுள் எதைச் சொல்வது, எதை விடுவது என்பவற்றை இக்கட்டுரையே எமக்குக் கற்பிக்கின்றது. இதிற் பழகிய கைகளே பின்னர்ப் பத்திரிகைகளின் விடுமுறை மலர்களிற் பெருநகரத்துக் கோடையை வருணிக்கின்றன. பூங்காவின் நிழல், நூதனசாலையின் குளிர்ந்த கூடங்கள், உணவுச்சாலையின் மேசையில் வந்திறங்கும் தட்டுகள் எல்லாம் அங்கே ‘எழில்மிகு’ என்றும் ‘கண்கொள்ளாக் காட்சி’ என்றும் அடைமொழி பெறுகின்றன. அவற்றை ஆக்கியவர் யார், பேணுபவர் யார், அங்கு வரவியலாதவர் யார் என்ற வினாக்களுக்கு மட்டும் இடமிருப்பதில்லை. இந்த எழுத்து முறையையே இங்கு பரிசீலிக்க விரும்புகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். நகரத்தின் களிப்பைப் பற்றிய பேச்செழுந்தால் முற்போக்காளர் சிலர் முகஞ் சுளிப்பதுண்டு. பூங்காவில் உலாவுவதும் நல்ல உணவை நிதானமாக உண்பதும் வசதி படைத்தோரின் சோம்பல் என்பது அவர் எண்ணம். இவ்வெண்ணம் உழைப்பாளிக்கு நன்மை செய்வதன்று. மார்க்சின் மருமகனான போல் லபார்க் 1880 ஆம் ஆண்டிலேயே சோம்பியிருக்கும் உரிமையைப் பற்றி ஒரு பிரசுரம் எழுதினார். 1886 இற் சிக்காகோத் தொழிலாளர் எட்டு மணி நேர வேலை கேட்டு எழுந்தபோது, வேலையும் உறக்கமும் போக எஞ்சும் நேரம் தமக்கே உரியது என்பதும் அக்கோரிக்கையுள் அடங்கியிருந்தது. பிரான்சிலே 1936 இல் மக்கள் முன்னணி அரசாங்கம் சம்பளத்துடன் கூடிய இரு வார விடுமுறையைச் சட்டமாக்கிய பின்னரே அந்நாட்டுத் தொழிலாளர் பலர் தம் நாட்டுக் கடலை முதன்முறையாகக் கண்டனர். மன்னரின் மாளிகையாயிருந்த லூவர் 1793 இற் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டதும் புரட்சியின் பேறேயாகும். ஓய்வும் காட்சியும் மனிதர் போராடிப் பெற்ற உடைமைகள். அவற்றை இகழ்வதற்கு எமக்கு நியாயமில்லை. அவை யார் கைக்கு வந்தன, யார் கைக்கு வரவில்லை என்று கேட்பதற்கே நியாயமுண்டு.

தமிழ் இலக்கியத்தில் நகரக் களிப்பு புதிய பொருளன்று. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழா சித்திரை மாதத்து விழா. வேனிற் காலத்திலே ஒரு பெருநகரம் தன்னை மறந்து மகிழ்ந்த விழா. மணிமேகலையிலே உவவனம் என்னும் மலர்ச்சோலையும் அதனுள் அமைந்த பளிங்கு மண்டபமும் வருகின்றன. மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி பகலங்காடியையும் இரவங்காடியையும் சுற்றிக் காட்டுகிறது.

இப்பழம் புலவர்கள் களிப்பைப் பாடியபோது எதை விட்டுவிடவில்லை என்பது கூர்ந்து நோக்கற்பாலது. இந்திரவிழாவைச் சொல்லப் புகுந்த இளங்கோ, விழாவுக்கு முன்பாக மருவூர்ப்பாக்கத்தைச் சொல்கிறார். மீன் விற்போர், உப்பு விற்போர், கள் விற்கும் பெண்டிர், கொல்லர், தச்சர், தோல் தைப்போர், துணி தைப்போர் என்று தொழிலாளர் நிரை நிரையாக வருகின்றனர். அவர்களைக் கடந்தே மாளிகைகள் நிறைந்த பட்டினப்பாக்கத்துக்கு நாம் செல்கிறோம். மதுரைக்காஞ்சியிலும் சங்கறுத்து வளையல் செய்வோரும் நெய்வோரும் பண்டம் விற்போரும் உள்ளனர். இப்புலவர்களை நாம் உழைப்பாளியின் பாவலராக்கிவிட முடியாது. உழைப்பாளரின் துயரம் இவ்வருணனைகளில் இல்லை. நகரத்தின் வளத்துக்குச் சான்றாகவே அவர்கள் அணிவகுக்கின்றனர். ஆயினும் ஒரு நகரம் கைகளால் ஆனது என்ற உண்மை அப்புலவருக்குத் தெரிந்திருந்தது. இன்றைய விடுமுறைக் கட்டுரையிலோ மேசைமீது உணவு தானாகவே வந்துவிடுகிறது; பூங்காவின் புல் தானாகவே ஒரே மட்டத்தில் வளர்கிறது. ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக எமக்கிருந்த பார்வை எம்மிடமிருந்து நழுவியிருக்கிறது.

அந்தப் பார்வையோடு கொழும்புக்குச் செல்வோம்.

தமிழிலே ‘தோட்டம்’ என்பது இனிய சொல். ஆனால் இலங்கைத் தமிழில் இச்சொல்லுக்கு ஒரு வர்க்க வரலாறு உண்டு. கொழும்பில் வசதி படைத்தோர் வாழும் பகுதிக்குக் கறுவாத்தோட்டம் என்று பெயர். ஒல்லாந்தர் கறுவாப் பயிரிட்ட நிலம் அது. அந்நகரிலேயே நெருக்கமான குடியிருப்புகள் நிறைந்த இன்னொரு பகுதிக்கு வாழைத்தோட்டம் என்று பெயர். பதுளையிலும் பண்டாரவளையிலும் அப்புத்தளையிலும் ‘தோட்டம்’ என்றால் தேயிலை, லயம், பிரட்டு, கொழுந்து நிறுக்கும் தராசு. கறுவாத்தோட்டத்திற் கறுவாவும் இல்லை, வாழைத்தோட்டத்தில் வாழையும் இல்லை. மூன்றாவது தோட்டத்திலேதான் இன்னும் பயிருண்டு. பயிர் நின்ற இடத்தில் ஒன்று பூங்காவாயிற்று, ஒன்று நெரிசலாயிற்று. பயிர் தொடர்ந்த இடத்தில் லயம் தொடர்ந்தது.

கறுவாத்தோட்டத்துப் பூங்கா முன்னர் விக்டோரியாப் பூங்கா எனப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது இராணுவத்தின் கையிலிருந்து, பின் சீராக்கப்பட்டு 1951 இற் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 1958 இல் விகாரமகாதேவியின் பெயரைப் பெற்றது. இதன் அருகே தேசிய நூதனசாலை நிற்கின்றது. ஆளுநர் வில்லியம் கிரெகரி காலத்தில் எழுந்த இக்கட்டடம் 1877 ஜனவரி 1 ஆம் திகதி திறக்கப்பட்டது. காப்பிச் செல்வத்தால் அரசிறை கொழித்த காலம் அது. அக்காப்பியைப் பயிரிட்டவர் தென்னிந்தியாவிலிருந்து கடல் கடந்து வந்து, மன்னாரிலிருந்து மலை நோக்கிக் காட்டு வழியே நடந்தவர்கள். வழியிலே வாந்திபேதியில் மாண்டோர் பலர். அவர்கள் ஈட்டிய செல்வமும் கலந்தே இந்த வெண்ணிறக் கட்டடம் எழுந்தது. ஆகவே ஊவாவின் பிள்ளை அந்தப் படிகளில் ஏறும்போது விருந்தாளியாக ஏறவில்லை. தன் பாட்டன் பங்குபோட்ட வீட்டுக்குள் ஏறுகிறது. இதை அப்பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பவர் எத்தனை பேர்?

இக்கட்டடத்தைக் கட்டிய ஒப்பந்தக்காரர் வாப்பிச்சி மரிக்கார். கைம்மாறாக என்ன வேண்டும் என்று ஆளுநர் வினவியபோது, வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூடும்படி அவர் கேட்டார் என்பது வழிவழிச் செய்தி. கட்டியவரின் தொழுகை நாள் கட்டடத்தின் ஓய்வு நாளாயிற்று என்னும் இச்செய்தியை மக்கள் போற்றி வைத்திருப்பதிற் பொருளுண்டு. கட்டிய கைக்கும் கட்டடத்தின் மீது ஓர் உரிமை உண்டென்ற நீதியுணர்வே அதிற் பேசுகிறது.

உள்ளே மாணவர் நின்று பார்க்க வேண்டிய கல்லொன்று உண்டு. 1409 ஆம் ஆண்டைத் தாங்கி, சீனம், தமிழ், பாரசீகம் என்னும் மூன்று மொழிகளிற் பொறிக்கப்பட்டு, 1911 இற் காலியிற் கண்டெடுக்கப்பட்ட கல்வெட்டு அது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹேயின் பயணத்தோடு வந்த அக்கல், சீனத்திற் புத்தருக்கும் தமிழில் தெனாவரை நாயனாருக்கும் பாரசீகத்தில் அல்லாவுக்கும் காணிக்கை கூறுகிறது. ஒரே கல்லில் மூன்று மொழியும் மூன்று வழிபாடும் அறுநூறு ஆண்டுகளுக்கு முன்னரே இணங்கியிருந்தன. மொழிச் சட்டத்தால் நாடு பிளவுண்ட கதையை அறிந்த ஆசிரியர், இக்கல்லின் முன் நிற்கும் மாணவரை விரைந்து நடக்கும்படி அவசரப்படுத்தலாகாது.

மாலையிற் காலிமுகத்திடல். ஆளுநர் ஹென்றி வார்ட் 1859 இல் நிறைவு செய்த இவ்வுலாவிடத்தைக் கொழும்பின் பெண்டிர் பிள்ளைகளின் நன்மைக்காகப் பேணிவருமாறு தம் பின்வருவோரை வேண்டும் கல்வாசகம் அங்கே உண்டு. ஆளுநர் மனத்திலிருந்த பெண்டிரும் பிள்ளைகளும் யார் என்பதை ஊகிப்பது கடினமன்று. ஆனாற் பொதுவிடம் என்பது வைத்தவர் எண்ணத்தோடு நின்றுவிடுவதில்லை. 1956 ஜூன் 5 ஆம் திகதி, சிங்களம் மட்டும் சட்டத்தை எதிர்த்த சத்தியாக்கிரகிகள் இத்திடலிலேதான் அமர்ந்து அடி வாங்கினர். 2022 ஏப்ரலில் இளைஞர் கூடாரமிட்டுக் குடியேறியதும் இங்கேதான். கூடாரங்களுக்கிடையே அவர்கள் ஒரு நூலகத்தையும் அமைத்தனர். காற்று வாங்கும் இடமே கருத்துக் கூறும் இடமாகவும் ஆகிறது. மக்கள் கூடி நிற்கப் பொதுநிலம் இல்லாத ஊரில் உல்லாசம் மட்டுமன்றி அரசியலும் மூச்சு முட்டும்.

உணவுச்சாலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். விடுமுறை மலர்கள் மிகவும் விரும்பும் இடம் இதுவே. கொழும்பின் சைவக் கடைகளிலும் தேநீர்க் கடைகளிலும் மேசை துடைத்து, கோப்பை கழுவி, தட்டுச் சுமந்து வளர்ந்த மலையகச் சிறுவர் தலைமுறை தலைமுறையாக உண்டு. வீட்டு வேலைக்கென்று அனுப்பப்பட்ட சிறுமியரும் உண்டு. லயத்துக் குடும்பத்தின் கடனே அவர்களைப் புகையிரதமேற்றியது. நகரம் அவர்களுக்குச் சமையலறையின் பின்கதவாகவே அறிமுகமாயிற்று. தேநீரின் மணத்தை வியந்து எழுதும் கட்டுரையாளர், அதைக் கொணர்ந்து வைத்தவனின் ஊர் எது என்று வினவியிருந்தால், தேநீரின் ஊரும் அவன் ஊரும் ஒன்றென அறிந்திருப்பார்.

இனி நகரத்தவர் எம் மலைக்கு வரும் பயணத்தைப் பார்ப்போம். கீழ்நாடு வெந்து கிடக்கும் சித்திரையில் நுவரெலியாவிலே ‘சீசன்’. குதிரைப் பந்தயமும் மலர்க் காட்சியும் நடக்கும். ஆடி, ஆவணியில் ஐரோப்பியரின் கோடை விடுமுறை எல்லவை நிரப்பும். 1921 இல் முடிவுற்ற ஒன்பது வளைவுப் பாலத்தில் நின்று படமெடுத்துக் கொள்கின்றனர். 1924 இற் பதுளையை எட்டிய புகையிரதப் பாதை தேயிலையை இறக்குவதற்காக நீட்டப்பட்டது என்பதைப் படங்கள் சொல்வதில்லை. ஊவாவின் புகழ்பெற்ற தேயிலை மணம் பிறப்பதும் இதே காலத்தில், யூலை முதல் செப்ரெம்பர் வரை. கச்சான் காற்று மலையை உலர்த்த, செடி வாடி, கொழுந்து குறுகி, மணம் செறிகிறது. செடி தாகித்திருக்கும் அந்த நாள்களிற் பீலியில் நீரும் குறையும். குறைந்த கொழுந்தைத் தேடி அதிக நிரை நடக்க வேண்டியும் வரும். உலகச் சந்தை உயர்ந்த விலை கொடுக்கும் அச்சுவைக்குள் வாடிய செடியும் வாடிய மனிதரும் உண்டு.

அப்புத்தளைக்கு அப்பால், தம்பேதன்னைத் தொழிற்சாலையிலிருந்து ஏறத்தாழ 7 கிலோமீற்றர் ஏறினால் ‘லிப்டனின் இருக்கை’ வரும். 1890 இல் இங்கே தோட்டங்கள் வாங்கிய தோமஸ் லிப்டன் அமர்ந்து பார்த்த இடமாம். இன்று அவர் சிலை அமர்ந்திருக்கிறது. பார்க்கும் இடத்திற்கு முதலாளியின் பெயர். பார்க்கப்படும் மலையை உண்டாக்கியவருக்குப் பெயரில்லை. சரிவிற் கூடையுடன் நிற்கும் பெண்ணோ, காட்சியின் ஒரு பகுதியாகப் படத்தில் விழுகிறாள்.

நூதனசாலைகளிலும் இவ்வேறுபாட்டைக் காணலாம். கண்டியை அடுத்த ஹந்தானையில், 1925 இற் கட்டப்பட்ட தொழிற்சாலைக்குள் 2001 இல் திறக்கப்பட்ட தேயிலை நூதனசாலை இருக்கிறது. இயந்திரங்களைத் துலக்கி வைத்திருக்கின்றனர். 1867 இல் லூல்கந்துரையிற் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லருக்கும் லிப்டனுக்கும் அங்கே சிறப்பிடம் உண்டு. மேல்மாடியில் தேநீர் அருந்தியபடி மலை பார்க்கலாம். கம்பளையை அடுத்த ஓல்ட் பீகொக் தோட்டத்திலோ, 2007 இல், ஒரு பழைய லயமே தொழிலாளரின் நூதனசாலையாக்கப்பட்டது. அவர்களது கருவிகளும் பாத்திரங்களும் ஆவணங்களும் அங்கே பேணப்படுகின்றன. முதலாவதைத் தவிர்க்குமாறு நாம் கூறவில்லை; இயந்திரத்தை அறிவதும் கல்வியே. முதலாவதை மட்டுமே காட்டும் சுற்றுலா பாதிக் கல்வி என்பதே எம் கருத்து. கந்தப்பளையில் 1973 இல் மூடப்பட்ட ஹெதர்செட் தொழிற்சாலை 1996 இல் உல்லாச விடுதியாக மறுபிறவி எடுத்தது. தொழிற்சாலை விடுதியாவதற்கு அவ்வளவு காலமே போதுமாயிருந்தது. லயம் வீடாவதற்கோ ஒன்றரை நூற்றாண்டும் போதவில்லை. பதுளை மாவட்டத்து மீரியபெத்தையில் 2014 ஒக்ரோபர் 29 ஆம் திகதி மண்சரிவிலே புதையுண்டவையும் லயங்களே.

பூங்காவும் நூலகமும் விளையாட்டிடமும் உள்ளூராட்சி மன்றங்கள் மக்களுக்கு அளிக்க வேண்டியவை. ஆனாற் தோட்டங்கள் தனியார் நிலமெனக் கருதப்பட்டமையால், 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் 2018 இல் திருத்தப்படும்வரை, அச்சபைகள் தோட்டக் குடியிருப்புகளுக்குத் தாராளமாகச் செலவிட வழியிருக்கவில்லை. உலகம் வந்து கண்டு களிக்கும் பசுமையின் நடுவே வாழ்ந்தவருக்கு, உட்கார ஒரு பொது வாங்கு சட்டப்படி கிடைக்கவில்லை! பல ஆண்டுக் கோரிக்கையின் பின் 2021 இலேதான் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவைத் தொட்டது. பேர் விழாத நாளுக்குக் கூலியில்லாதவருக்குச் சுற்றுலா என்பது பயணச் செலவு மட்டுமன்று. இழந்த நாளின் கூலியும் அதிற் சேரும்.

களிப்பின் இன்மை எவ்வளவு ஆழமானது என்பதை எமக்கு உணர்த்தியவர் இம்மண்ணின் எழுத்தாளரே. பதுளை மாவட்டத்து ஊவாக்கட்டவளையிற் பிறந்து, தோட்டத்தின் பெயரையே தம் பெயரோடு இணைத்துக் கொண்ட தெளிவத்தை ஜோசப் (1934–2022) எழுதிய ‘மீன்கள்’ என்னும் சிறுகதையை நினைத்துப் பாருங்கள். வளர்ந்த பிள்ளைகளோடு ஒரே காம்பராவுக்குள் ஒடுங்கிய குடும்பத்தின் மானப் பிரச்சினை அது. நகரப் பூங்காவின் மரத்தடியிற் குடைக்குள் அமரும் இளந்தம்பதியரை விடுமுறை மலர்கள் வேடிக்கையாக எழுதும். தனித்திருக்க அறையில்லாத மனிதருக்குப் பூங்காவே அறை என்பதை, ‘மீன்கள்’ கதையைப் படித்தவர் உணர்வர். அவரது ‘குடைநிழல்’ நாவல் காட்டும் கொழும்போ ஐயத்தின் பேரிற் தமிழன் கைதாகும் கொழும்பு. உலாவும் சுதந்திரம் இல்லாதபோது பூங்காவின் நிழலும் நிழலாகாது என்பதை விடுமுறைக் கட்டுரை சொல்லாதபோதும் இலக்கியம் சொல்லியிருக்கிறது.

எனவே ஆசிரிய நண்பர்களுக்கும் மாணவருக்கும் எம் வேண்டுகோள் ஒன்றுண்டு. கொழும்புச் சுற்றுலாவைக் கைவிட வேண்டாம். ஏறத்தாழ 290 கிலோமீற்றர் புகையிரதத்திற் சென்று கடலைக் காணும் உரிமை ஊவாவின் ஒவ்வொரு பிள்ளைக்கும் உண்டு. அதற்கு முன்னர்ப் பதுளையிலேயே காணும் பயிற்சியைத் தொடங்குங்கள். பதுளை நூலக வளவில் ஒரு கற்றூண் நிற்கிறது. பத்தாம் நூற்றாண்டில், நான்காம் உதய மன்னன் காலத்தது; மகியங்கனைக்கு அண்மையிற் கண்டெடுக்கப்பட்டது. ஹோப்பிட்டிகம என்னும் சந்தையூரின் வணிகரும் மக்களும், அதிகாரிகள் முறைகேடாக வரி பறிப்பதை மன்னனிடம் முறையிட்டு, அதற்கு எதிராகப் பெற்ற ஒழுங்குகளையே அத்தூண் தாங்கி நிற்கிறது. மன்னர் புகழ் பாடும் கற்கள் பலவற்றின் நடுவே, மக்கள் முறையீட்டைச் சுமந்த கல் இது.

அதே பதுளையில், 1857 இன் புனித மாற்கு ஆலயத்தில், 1845 இல் அப்புத்தளையில் இடி விழுந்து மாண்ட மேஜர் ரோஜர்சுக்கு நினைவுக் கல் உண்டு. ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவரெனச் சொல்லப்படுபவர் அவர். பதுளையை அடுத்த வேவெஸ்ஸத் தோட்டத்திலோ 1940 இல் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர் தமக்கென ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தனர். அதனோடு கலந்து நடக்கத் துரையும் இணங்க வேண்டியதாயிற்று. யானை சுட்டவரின் கல்லைக் காட்டும்போதே, சபை அமைத்தவரின் கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

பின்னர் அவர்கள் கொழும்புக்குச் செல்லட்டும். பூங்காவிற் களிக்கட்டும், அலையில் நனையட்டும், கடையில் அமர்ந்து வயிறார உண்ணட்டும். திரும்பி வந்து எழுதும் கட்டுரையில் மூன்று வினாக்களுக்கு விடை கேளுங்கள். இதைக் கட்டியவர் யார்? இன்று இதைப் பேணுபவர் யார்? எம்மூரில் இது ஏன் இல்லை? மூன்றாவது வினாவை ஒரு வகுப்பு முழுவதும் எழுதத் தொடங்குமானால், அக்கட்டுரை ஆசிரியரின் மேசையோடு நின்றுவிடாது. பிரதேச சபையின் வாசலுக்கும் செல்லும். ‘மகிழ்ச்சியுடன் வீடு திரும்பினோம்’ என்ற வாக்கியம் அப்போதும் இறுதியில் இருக்கலாம். அவ்வீடு லயமாக இல்லாத நாளில் அவ்வாக்கியம் முழு உண்மையாகும்.